மந்தம் வந்தபோது திண்டுக்கல்லில் யாருக்கு வேலை இருந்தது?



இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளை ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் பெயரில் அமைந்தது. அமைத்தவர்கள் அவருடைய மகளும் மகனும். மகள் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வருவாய்த் துறையில் இருந்தவர். தந்தையின் ஆலை என்றோ மூடிவிட்டது. பிள்ளைகள் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணம்தான் இன்று நமக்கு இந்த மேடையைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. என்ன தலைப்பில் பேசுகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தலைப்பு அந்தக் குடும்பத்திலேயே இருந்தது.

கால் காசு என்றாலும் கவர்மெண்ட் காசு என்று நம் ஊரில் சொல்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி ஆறுவதற்குள் கேட்கிற கேள்வியும் அதுதான்: மாப்பிள்ளைக்குக் கவர்மெண்டா, ப்ரைவேட்டா? மந்தம் வருகிற ஆண்டுகளில் இந்தக் கேள்வியில் கொஞ்சம் கோபமும் சேர்ந்துகொள்கிறது. பேகம்பூரில் தோல் ஷாப்பில் வேலை போனவரும், வேடசந்தூர் பக்கம் மில்லில் ஷிப்ட் குறைந்தவரும், சம்பளத் தேதி தவறாத பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கிறார்கள். தனியார் வேலை உதிர்ந்துகொண்டிருக்கும்போது அரசு வேலை மட்டும் பெருகுகிறதே, இது யார் வீட்டுப் பணம் என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். அரசு இருந்ததால்தான் இந்த அளவாவது தாங்கியது என்று மறுபக்கம் சொல்கிறார்கள்.

இரு பக்கத்தாரும் ஒரே ஒரு விஷயத்தை விசாரிக்காமல் ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். மந்த காலத்தில் அரசு வேலை வளர்கிறது என்பதுதான் அது. என் பேச்சு முழுக்க அதன்மேல்தான். தமிழ்நாட்டில் நான் படித்தும் பார்த்தும் அறிந்த நெருக்கடிகளில் நிரந்தர அரசுப் பணியிடம் வளரவில்லை. நின்ற இடத்தில் நின்றது, சில நேரம் சுருங்கவும் செய்தது. சுற்றியிருந்தவை சரிந்ததால் அது உயர்ந்ததுபோல் தெரிந்தது. உண்மையாகவே வளர்ந்த ஓர் அரசு வேலை உண்டு. அதை நாம் அரசு வேலை என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பழைய கதையிலிருந்து வருகிறேன். 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் சென்னை மாகாணத்துக்கு விலைச் சரிவாக வந்து சேர்ந்தது. நான்கைந்து ஆண்டுகளில் தானிய விலை ஏறத்தாழ பாதியானது. கடன் வாங்கியவருக்குக் கடன் அப்படியே இருந்தது, நிலவரி அப்படியே இருந்தது, விளைச்சலின் விலை மட்டும் பாதி. 1931 செப்டம்பரில் ஸ்டெர்லிங் தங்கத்தை விட்டு விலகிய பிறகு தங்கம் விலை ஏறியது. கிராமங்களிலிருந்து நகைகள் வெளியேறி, உருகி, கப்பலேறின. திண்டுக்கல் அப்போது புகையிலைக்கும் சுருட்டுக்கும் தோலுக்கும் பேர்போன ஊர். மூன்றும் வெளியூர்ச் சந்தையை, அதிலும் பெரும்பகுதி கடல்கடந்த சந்தையை நம்பியவை. அந்தக் காலத் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று வேலை செய்தவர்களின் வாழ்க்கையை, இந்த ஊரிலேயே வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மாணவர்கள் பொருளாதாரப் பாடநூலோடு சேர்த்து அதையும் படிக்க வேண்டும்.

அதே ஆண்டுகளில் அரசு ஊழியருக்கு என்ன நடந்தது? 1931 டிசம்பரில் பிரிட்டிஷ் இந்திய அரசு தன் ஊழியர் சம்பளத்தில் பத்து சதவீதத்தை வெட்டியது. 1933இல் பாதியைத் திருப்பிக் கொடுத்தது, 1935இல் மீதியையும். வெட்டு என்றதும் அவர்களும் கஷ்டப்பட்டார்கள் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 60 ரூபாய் வாங்கிய குமாஸ்தாவுக்கு 54 ரூபாய் வந்தது. அரிசி விலை பாதியாகிவிட்டதால் அந்த 54 ரூபாய்க்கு, முன்பு 108 ரூபாய் கொடுத்து வாங்கிய அரிசி கிடைத்தது. சம்பளத்தை வெட்டிய பிறகும் அவர் முன்பைவிட வசதியானவர் ஆனார். ஆனால் அரசில் வேலை கூடவில்லை. ஆட்குறைப்புக் குழுக்கள்தான் போடப்பட்டன. கால் காசுப் பழமொழிக்கு வயது இன்னும் அதிகம் இருக்கலாம். ஆனால் அது நம் ரத்தத்தில் ஊறிப்போனதில் அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் ஊகம்.

இனி 2008. செப்டம்பர் 15ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. வேடசந்தூருக்கும் வடமதுரைக்கும் இடையில் ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருந்த மில்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. நூல் ஆர்டர் நின்றது தெரியும். அந்த ஆண்டு மத்திய அரசு பருத்திக்கு ஆதரவு விலையை ஒரேயடியாக உயர்த்தி, நடுத்தர இழைக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், நீள இழைக்கு 3,000 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தது. உலகச் சந்தையில் பருத்தி விலை விழுந்துகொண்டிருந்தபோது நம் மில்காரர் உயர்ந்த விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. விவசாயிக்கு அது நியாயமான விலை, அதை நான் குறை சொல்லவில்லை. போதாக்குறைக்கு நவம்பர் முதல் தேதியிலிருந்து உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு. ஆர்டர் இல்லை, பஞ்சு விலை அதிகம், கரண்டும் இல்லை. மூன்றும் ஒரே தீபாவளியை ஒட்டி வந்தன.

மில்லில் வேலை போவது என்பது சினிமாவில் காட்டுகிற மாதிரி நடக்காது. கேட்டில் நோட்டீஸ் ஒட்டமாட்டார்கள். முதலில் பதிலி ஆட்களைக் கூப்பிடுவது நிற்கும். பதிலிக்காரர் வாசல் வரை வந்து திரும்புவார். பிறகு மூன்று ஷிப்ட் இரண்டாகும். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கேம்ப் பெண்களை, ஊரில் திருவிழா, போய்விட்டு வாருங்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று வேனில் ஏற்றி அனுப்புவார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். சுமங்கலித் திட்டம் என்று ஊர் பெயர் வைத்த அந்த ஏற்பாட்டில், மூன்றாண்டு முடிந்தால்தான் மொத்தத் தொகை. இரண்டாவது ஆண்டில் ஊருக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்குக் கல்யாணத்துக்கென்று சொல்லப்பட்ட பணம் என்ன ஆனது என்பதை எந்த மந்தக் கணக்கிலும் நீங்கள் பார்க்க முடியாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலை ஆட்குறைப்பு செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அப்போது சட்டம். புதிய தொழிலுறவுத் தொகுப்பு அதை முந்நூறாக்கி, 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தத்திலும் பயிற்சியாளர் என்ற பெயரிலும் இருப்பவர்களை அனுப்ப நூறுக்கும் அனுமதி தேவைப்படவில்லை, முந்நூறுக்கும் தேவைப்படாது.

ஒரு வினோதத்தைப் பாருங்கள். மத்திய தொழிலாளர் பணியகம் ஜவுளி, வாகனம், நகை, உலோகம், சுரங்கம், போக்குவரத்து, கணினிச் சேவை போன்ற துறைகளில் மாதிரி ஆய்வு செய்து, 2008 அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்றே மாதங்களில் சுமார் ஐந்து லட்சம் வேலை போனதாகச் சொன்னது. அதே அரசின் வேலைவாய்ப்புத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், 2008 மார்ச்சுக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையில் ஒழுங்கமைந்த தனியார் துறையில் வேலை 98 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 103 லட்சத்தை ஒட்டி உயர்ந்திருக்கிறது! இரண்டில் ஒன்று பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டுக் கணக்கு நிறுவனங்கள் அனுப்பும் படிவத்தை நம்பியது. வேனில் ஏறிப் போனவர்கள் அந்தப் படிவத்தில் முதலிலிருந்தே இல்லை.

அதே படிவக் கணக்கில் பொதுத்துறை வேலை 176.7 லட்சத்திலிருந்து சுமார் 178 லட்சமாயிற்று. இந்தியா முழுவதற்கும் ஒரு லட்சத்துச் சொச்சம். மந்தத்தில் பெருகிய அரசு வேலை என்பது இவ்வளவுதான். இதையும் நீண்ட கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுத்துறை வேலை 1997இல் 195.6 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டது. 2011இல் 175.5 லட்சம். பதினான்கு ஆண்டுகளில் இருபது லட்சம் இடங்கள் குறைந்திருக்கின்றன. நாட்டின் மக்கள்தொகை அதே காலத்தில் எவ்வளவு கூடியது என்று நீங்களே சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு 2008-09இல் ஊரைத் தாங்கியது எது? இரண்டு பணம். ஒன்று தற்செயலாக வந்தது. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை மத்திய அமைச்சரவை 2008 ஆகஸ்டில் ஏற்றது. லேமன் விழ இன்னும் ஒரு மாதம் இருந்தது. நிலுவைத் தொகையில் 40 சதவீதம் அந்த ஆண்டும் 60 சதவீதம் அடுத்த ஆண்டும் கைக்கு வந்தது. தமிழக அரசு 2009 ஜூனில் தன் ஊழியர்களுக்கு அதை அமல்படுத்தியது. மந்தத்தைச் சமாளிக்க யாரும் இதைத் திட்டமிடவில்லை. ஆனால் மேற்கு ரத வீதி நகைக்கடைகளிலும், டூ வீலர் ஷோரூம்களிலும், ஊருக்கு வெளியே புதிதாகக் கல் நட்ட பிளாட்டுகளிலும் அந்த நிலுவைப் பணம் புழங்கியது. பணியிடம் ஒன்றுகூடக் கூடாமல், இருக்கிற பணியிடத்தின் சம்பளம் கூடியதால் வந்த தாங்கல் அது. பள்ளி ஆசிரியர் வீடு கட்டினால் கொத்தனாருக்கு வேலை, சித்தாளுக்கு வேலை, நாகல்நகர் பட்டறையில் செய்த பூட்டுக்கும் ஒரு கதவு கிடைக்கும். இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அதே பணம் பிளாட் விலையையும் ஏற்றியது. மில்லில் இருந்தவர் வீடு வாங்கும் யோசனையை அந்த ஆண்டுகளில்தான் கைவிட்டார்.

இரண்டாவது பணம்தான் நான் பேச வந்தது. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் தேர்வான ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல் ஒன்று. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், சிவகங்கை மற்றவை. அப்போது நாள் கூலி 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ரெட்டியார்சத்திரத்திலும் சாணார்பட்டியிலும் களை எடுக்கப் போன பெண்ணுக்கு அந்த நாளில் அவ்வளவு யாரும் கொடுக்கவில்லை. குளம், கண்மாய், வரத்து வாய்க்கால் என்று மண் வேலை. பணித்தளப் பொறுப்பாளர் பெயர் கூப்பிட்டு மஸ்டர் ரோலில் குறிப்பார். அளவு குறைந்தால் கூலி குறையும். நூறு நாள் வேலை என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. மாநிலம் முழுக்க வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்.

இதை ஏன் அரசு வேலை என்கிறேன்? கூலி கொடுப்பது அரசு. சட்டம் தந்த உரிமை. கேட்டு 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாக் காலப்படி தர வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் எல்லாவற்றையும் மாற்றியது. மற்ற அரசு வேலைகளில் எத்தனை இடம் என்பதைக் கோட்டையில் தீர்மானிக்கிறார்கள். இதில் எத்தனை பேர் என்பதை வேலை அட்டையோடு வருகிறவர்கள் தீர்மானித்தார்கள். வெளியே வேலை இருந்தால் கூட்டம் குறையும், இல்லையென்றால் தானே கூடும். நிதி அமைச்சர் மந்தம் வந்துவிட்டது என்று அறிவிப்பதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2008-09 வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு 16,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் அது 30,000 கோடியாயிற்று. அடுத்த ஆண்டு 39,100 கோடி. அதில் நாடு முழுக்கத் திட்டம் விரிந்ததன் பங்கும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆலையிலிருந்து வேனில் திரும்பிய பெண்ணின் வீட்டில், அம்மாவின் பெயரில் ஓர் அட்டை இருந்தது. சமதளத்துக் கிராமங்களில் அந்த இரண்டு வருடங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் நான் இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருகிற வேலை என்று கிண்டல் செய்தவர்கள் அப்போதும் உண்டு, இந்த அவையிலும் இருக்கலாம். தோட்டக்காரர்களுக்கு ஆள் கிடைக்காத கோபம் இருந்தது. அது உண்மையான கோபம். உயர்ந்த கூலி போனது அவர்கள் கையிலிருந்து. வெங்காயமும் மல்லிகையும் போடுகிறவருக்குப் பறிப்புக் கூலிதான் பெரிய செலவு. ஆனால் பஞ்ச காலத்தில் கூலிக்கு மண் வெட்ட வைப்பதை நாம் கண்டுபிடிக்கவில்லை. 1876-78 தாதுவருடப் பஞ்சத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் அடையாறு, கூவம் இணைப்பை அப்படித்தான் வெட்டினார்கள். அமெரிக்காவில் 1935இல் ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய வேலைத் திட்டம் எட்டு ஆண்டுகளில் 85 லட்சம் பேருக்குக் கூலி கொடுத்தது. அங்கேயும் மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறவர்கள் என்று கேலிச்சித்திரம் போட்டார்கள்.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். நிரந்தரப் பணியிடம் நெருக்கடியில் என்ன ஆனது என்பதற்கு 2001 முதல் 2006 வரையான தமிழ்நாடுதான் பாடம். கஜானா காலி என்ற அறிவிப்போடு 2001 நவம்பரில் புதிய நியமனத்துக்குத் தடை வந்தது. காவல்துறை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 2002 செப்டம்பரில் பத்தாயிரத்துக்கு நெருக்கமான சாலைப் பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில்தான் மழை பொய்த்தது. அதாவது நிலத்தில் வேலை இல்லாமல் போன நேரம் பார்த்து அரசும் கதவைச் சாத்தியது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் நீக்கப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் பெரும்பாலோர் திரும்ப வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசு எடுத்து, பட்டதாரிகள் உட்பட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொகுப்பூதியத்தில் டாஸ்மாக் கடைகளில் உட்கார வைத்தது. நியமனத் தடை காலத்தில் நம் மாநிலத்தில் வளர்ந்த அரசு வேலை அது ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை பெரிய தவறு இல்லை.

மக்கள் நலப் பணியாளர்கள் கதை இன்னும் மோசம். ஓர் ஆட்சியில் நியமனம், அடுத்த ஆட்சியில் நீக்கம், அதற்கடுத்ததில் மீண்டும் நியமனம். 2011 நவம்பரில் மட்டும் 13,500 பேர் நீக்கப்பட்டார்கள். மந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தேர்தல் நாட்காட்டிதான் சம்பந்தம். திண்டுக்கல்லில் அரசு வேலை பெருகிய தருணங்களையும் எண்ணிப் பாருங்கள். 1985 செப்டம்பரில் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது ஆட்சியர் அலுவலகமும் அதைச் சுற்றி நூறு அலுவலகங்களும் வந்தன. 2014இல் மாநகராட்சியானோம். 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தது. ஒவ்வொன்றும் நல்லதே. ஒன்றுகூட ஊரில் வேலை போனதைப் பார்த்து வந்ததல்ல.

நியமனத்தை நிறுத்தினால் இளைஞர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள் என்று நிதித்துறை நினைக்கும். இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. குணால் மங்கல் என்ற பொருளாதார ஆய்வாளர் தமிழ்நாட்டின் அந்த ஐந்தாண்டுத் தடையையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். பட்டதாரிகள் தேர்வைக் கைவிடவில்லை, இன்னும் அதிக காலம் படித்தார்கள் என்று அவர் கண்டார். தடை நீங்கிப் பத்தாண்டு கழித்தும் அந்த வயதுக் குழுவினரின் சம்பாதிக்கும் திறன் குறைந்தே இருந்தது. தனிக்குடித்தனம் தள்ளிப்போனது. சிக்கனம் என்று அரசு மிச்சம் பிடித்ததை ஒரு தலைமுறையின் வாழ்நாளிலிருந்து எடுத்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு 2020ஐப் பார்த்தால் வயிறு எரிகிறது. மார்ச் 25இல் ஊரடங்கு. ஏப்ரல் மாதம் தமிழ்நாட்டில் வேலையின்மை 49.8 சதவீதம் என்று சி.எம்.ஐ.இ. நிறுவனம் கணித்தது. உழைக்க வருகிறவர்களில் பாதிப் பேர். ஒட்டன்சத்திரத்தில் காய்கறியும் நிலக்கோட்டையில் பூவும் போக வழியில்லாமல் நின்றன. சின்னாளபட்டியில் தறி நின்றது. அந்த மே மாதத்தில் மாநில அரசு செய்தது என்ன? ஓய்வு பெறும் வயதை 58இலிருந்து 59 ஆக்கியது. அடுத்த பிப்ரவரியில் 60. ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டிய பணிக்கொடை தள்ளிப்போகும் என்பது கணக்கு. விளைவு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு வயது காரணமாகக் காலியாகும் இடங்கள் காலியாகவே இல்லை. அகவிலைப்படி உயர்வும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆக, உள்ளே இருந்தவருக்கும் கொஞ்சம் இழப்பு, வெளியே நின்றவருக்குக் கதவே இல்லை.

குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் ஒரு தேர்வு. அடுத்தது 2022 ஜூலை 24. நடுவில் மூன்று வருடம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2019இல் விண்ணப்பித்தவர்கள் 16 லட்சத்துக்கு மேல். 2022இல் ஏழாயிரத்து முந்நூறு சொச்சம் இடங்களுக்கு 22 லட்சம் அளவில் வந்தார்கள். தேர்வுகள் தள்ளிப்போனதை ஒப்புக்கொண்டு அரசு வயது வரம்பை இரண்டு ஆண்டு உயர்த்தியது. இரக்கமான முடிவுதான். ஆனால் அதன் பொருள், இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்கலாம் என்பது. மாவட்ட மைய நூலகத்திலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பயிலும் வட்டத்திலும் சமச்சீர் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை மனப்பாடம் செய்துகொண்டு, கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் நடுவில் ஒரு மில்லிலோ ஜவுளிக்கடையிலோ கொரியரிலோ வேலை பார்த்து, அது நின்றுபோய்த் திரும்பி வந்தவர்கள் என்று தெரியும். தனியாரில் போன வேலைதான் வரிசையின் நீளமாக இங்கே தெரிகிறது.

அந்த ஆண்டும் வளர்ந்தது நூறு நாள் வேலைதான். நாடு முழுக்க 2019-20இல் 265 கோடி மனித நாட்கள். 2020-21இல் 389 கோடி. ஒதுக்கீடு போதாமல் மே மாதம் 40,000 கோடி ரூபாய் கூடுதலாகத் தர வேண்டியிருந்தது. கணினிப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் அம்மாவோடு கண்மாய்க்கு வந்த செய்தியை அப்போது பல ஊர்களில் கேட்டோம்.

மாநில அரசு ஏன் மந்தத்தில் ஆள் எடுக்கவில்லை என்று கோபப்படுவது எளிது. அதன் கையும் கட்டப்பட்டிருக்கிறது. மந்தத்தில் வரி வருவாய் விழும். 2020-21இல் தமிழ்நாட்டின் வருவாய்ப் பற்றாக்குறை அறுபதாயிரம் கோடியைத் தாண்டியதாக 2021 ஆகஸ்டில் வந்த வெள்ளை அறிக்கை சொன்னது. ரூபாய் அச்சடிக்கும் உரிமை மாநிலத்துக்கு இல்லை. கடன் வாங்கவும் வரம்பு உண்டு. நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2008க்கும் 2010க்கும் இடையில் அங்கே 87 லட்சம் வேலைகள் போயின. வாஷிங்டன் பணத்தை இறைத்தது. மாநிலங்களும் நகராட்சிகளும் வரவுக்குள் செலவு என்ற விதியில் மாட்டிக்கொண்டு அடுத்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான ஆசிரியர்களையும் ஊழியர்களையும் குறைத்தன. மந்தத்தில் செலவு செய்யக்கூடிய கை மத்திய அரசின் கை ஒன்றுதான்.

அதனால்தான் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் இடத்தில் அது வருகிறது. நூறு நாள் 125 நாளாகிறது, மகிழ்ச்சி. ஆனால் இதுவரை கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. இனி 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டு ஒதுக்கீட்டை மத்திய அரசே நிர்ணயிக்கும், அதற்கு மேல் போனால் மாநிலத்தின் பொறுப்பு. விவசாய வேலை உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு அறுபது நாள் வரை நிறுத்தி வைக்கலாம். தோட்டக்காரர்களின் குறைக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது, மறுக்கவில்லை. என் கவலை ஒதுக்கீட்டில். அட்டையோடு வருகிறவர்கள் தீர்மானித்ததை இனி டெல்லியில் தீர்மானிப்பார்கள். மந்தத்தில் கூட்டம் கூடும்போது மாநிலத்தின் பெட்டி காலியாக இருக்கும், அதே நேரத்தில் 40 சதவீதத்தையும் உபரியையும் அதுவே கட்ட வேண்டும். 2002இல் சாலைப் பணியாளருக்கு நடந்தது அட்டைக்காரருக்கும் நடக்க வழி திறந்திருக்கிறது.

அரசு ஊழியர் சம்பளத்தைக் குறைத்தால் தனியார் வேலை கூடும் என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. திண்டுக்கல் கடைவீதியில் மாத முதல் வாரத்து வியாபாரம் யார் பணத்தில் நடக்கிறது? அதே மூச்சில் சங்கத்து நண்பர்களிடமும் ஒரு கேள்வி. அரசு மருத்துவமனையில் துப்புரவு செய்கிறவரும் காவல் நிற்கிறவரும் ஒப்பந்தக்காரரின் ஆட்களாக இருக்கிறார்களே, அவர்கள் உங்கள் கணக்கில் அரசா, தனியாரா? சம்பளக் குழு வரும்போது நீங்கள் அவர்களை எங்கே நிறுத்துகிறீர்கள்? எனக்குத் தோன்றும் வழி எளியதுதான். காலியிடங்களை நல்ல ஆண்டில் ஒன்றாகச் சேர்த்துத் தேர்தலுக்கு முன் அறிவிப்பதை விட்டு, வருடம் தவறாமல் நிரப்ப வேண்டும், மந்த ஆண்டில் கொஞ்சம் கூடுதலாக. அதற்கு மத்திய அரசு மாநிலங்களுக்கு மந்த காலத்தில் மட்டும் கடன் வரம்பைத் தளர்த்தி, ஆள் எடுப்பதற்கென்றே நிதி தர வேண்டும்.

ஆலையில் இருப்பவருக்கு எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்று இருக்கிறது, இந்த ஊரில் பலருக்கு அது தெரியாது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு வேலை போனால் சராசரிக் கூலியில் ஒரு பகுதியைத் தரும் திட்டம் 2018இல் வந்தது. முதலில் 25 சதவீதம் என்றிருந்ததைத் தொற்றுக்காலத்தில் 50 சதவீதமாக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை. ஆனால் குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட காலங்களில் 78 நாளாவது பிடித்தம் செய்திருக்க வேண்டும். பதிலிக்காரருக்கும், பாதியில் ஊருக்கு அனுப்பப்பட்ட கேம்ப் பெண்ணுக்கும் அந்த 78 நாள் எங்கே வரும்? முதலில் வெளியேற்றப்படுகிறவர்கள் யாரோ அவர்களுக்கே இது எட்டாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு அமர்கிறேன். உங்கள் ஊரில் கடந்த ஐந்து ஆண்டில் மில்லிலிருந்தோ பட்டறையிலிருந்தோ நின்றவர்கள் யார் யார், எத்தனை நாள் பிடித்தம் இருந்தது, நின்றபோது கையில் என்ன எழுதிக் கொடுத்தார்கள், பிறகு நூறு நாள் வேலைக்குப் போனார்களா, தேர்வுக்குப் படிக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வயதும் போதும். கேள்வித்தாளை அமைப்பாளர்களிடம் கொடுத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். வேடசந்தூர் ஒன்றியத்திலிருந்து தொடங்கலாம்.